சத்தம் வெளியே வராத வீடு

அத்தான் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுத்த கல்வெட்டில் அவருடைய வாழ்க்கை வரலாறு இரண்டு பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. கல்வெட்டு என்றால் தெரியும்தானே, செத்தவரைப் புகழ்ந்து சின்னப் புத்தகமாக அடித்து, சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுத்து அனுப்புவது. "அமரர் சிவபாதசுந்தரம் அடக்கத்தின் உறைவிடம், அளந்து பேசும் பண்பாளர்" என்று அதில் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் அளந்து பேசியது உண்மைதான். அளந்து அளந்து பொய் பேசினார்.

நான் நேசமலர், அவருடைய மனைவி ஜெகதீஸ்வரியின் தங்கை. கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்துகொண்டு, கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்தவள். கல்வெட்டுக்கு எழுதித் தரச்சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

மானிப்பாயில் பிறந்தார். சோதனை பாஸ் பண்ணிக் கொழும்புக்கு வந்து ஒரு திணைக்களத்தில் கிளாக்கராகச் சேர்ந்தார், தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றார். இடையில் அவர் செய்த காரியம் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை, அவருடைய கந்தோருக்கும் இருந்திருக்காது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடியில் வீடு. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலாம் மாடிக்கும் தெரியக்கூடாது, மூன்றாம் மாடிக்கும் தெரியக்கூடாது. வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டு அவர் சாதித்தது அது ஒன்றுதான்.

பிரிட்ஜ் வாங்கியபோது அதற்குப் படுக்கை விரிப்பைச் சுற்றி, பழைய அலுமாரி என்று சொல்லிப் படியேற்றுவித்தார். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தது கூடப்பிறந்த எனக்கே ஏழாம் மாதம்தான் தெரியும், அதுவும் நானாகப் போய் வயிற்றைப் பார்த்ததால். அவருடைய தமக்கையின் மகன் கனடாவுக்குப் போனபோது, கேட்டவர்களுக்கெல்லாம் "தெமட்டகொடையில சிநேகிதன் வீட்டில நிக்கிறான்" என்றார். அந்த நேரம் அவன் ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டு நின்றான். நாலு பேருக்குத் தெரிந்தால் நாவூறு படும், நாவூறு பட்டால் காரியம் கெடும். இதுதான் அவருடைய வேதம், அவருடைய விஞ்ஞானம், அவருடைய அரசியல்.

இந்த வியாதி அவருக்கு மட்டும் உரியது என்று சொன்னால் நான் பொய் சொல்பவள் ஆவேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. வெளிநாடு போகிற எவரும் பிளேன் போய் இறங்கும்வரை வாய் திறப்பதில்லை. கேட்கிறவரும் அதை அறிந்துதான் கேட்பார். ஒரு வீட்டில் "பிள்ளை ஒரு இடமும் போகேல்ல" என்று சொன்னால், டிக்கெற் போட்டாயிற்று என்று விளங்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவோம். சொன்னவருக்கும் வெட்கமில்லை, கேட்டவருக்கும் கோபமில்லை. ஆனால் மற்றவர்களுக்கு அது சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போகும். அத்தானுக்கு அது எலும்பில் ஊறியிருந்தது.

பிறகு யுத்தம் வந்து அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது. ஆள் கடத்துகிற காலத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது புத்திதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் யாரிடம் மூடினார் என்று பாருங்கள். பதிவு பார்க்க வருகிற பொலிஸ்காரருக்கு வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படிக்கிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்காததையும் சேர்த்து, முறிந்த சிங்களத்தில், கைகட்டிக்கொண்டு சொல்வார். மச்சாளுக்கும் சகோதரத்துக்கும் மட்டும் பொய்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அருந்ததி மகளாகப் பிறந்தாள். ஒரே பிள்ளை. கொழும்புக் கம்பஸில் பௌதிகம் படித்தாள், கடைசி வருடம் அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கருந்துளை. வானத்தில் இருப்பதல்ல, ஆய்வுகூடத்தில் செய்வது. எனக்கு அது என்னவென்று விளங்கியது ஒரு மழைக்காலப் பின்னேரம், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தில். கால்வாய் நாற்றம் மூக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கைநிறையச் சல்லிக்கல் வைத்திருந்தாள்.

"சின்னம்மா, மேல தண்ணி ஆறுதலா ஓடுற இடத்தில ஒரு கல்லுப் போடுங்கோ. அலை ரெண்டு பக்கமும் போகுதே?"

"ஓம்."

"இப்ப இஞ்ச, கடல் வாய்க்குக் கிட்டப் போடுங்கோ."

போட்டேன். அலை முழுவதும் கடல் பக்கமாக அடிபட்டுப் போயிற்று.

"தண்ணி அலையைவிட வேகமா ஓடுது. அலை திரும்பி மேல ஏறப் பாக்குது, ஏலேல்ல. ஒரு கோடு இருக்குது, அதைத் தாண்டினால் பிறகு திரும்பி வராது. கருந்துளையிலயும் இதுதான் கதை. அங்க வெளிச்சம், இஞ்ச அலை."

ஆய்வுகூடத்தில் கால்வாய்த் தண்ணீர் இல்லையாம். ரூபிடியம் என்றொரு உலோகத்தின் அணுக்களை ஒளியால் பிடித்துவைத்துக் குளிராக்குவார்களாம். அதற்குக் கீழே குளிரே இல்லை என்ற எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே வரைக்கும். அப்போது லட்சக்கணக்கான அணுக்களும் தங்கள் தங்கள் குணத்தை விட்டுவிட்டு ஒரே ஆள்போல அசையும். அந்தத் திரவத்துக்குள் சத்தம் போகிற வேகம் எறும்பு ஊர்வதைவிடக் குறைவு. அதனால் சத்தத்தைவிட வேகமாக அந்தத் திரவத்தை ஓடவைப்பது பெரிய காரியம் இல்லை. ஓடவைத்தால், உள்ளே போன சத்தம் வெளியே வராது. சத்தத்துக்கு ஒரு கருந்துளை.

"உண்மையானதுக்குக் கிட்டப் போகேலாது எண்டு விளையாட்டுச் சாமான் செய்யினம்" என்றேன்.

"விளையாட்டுச் சாமான்தான். ஆனா ரெண்டுக்கும் கணக்கு ஒண்டு." அவளுக்குக் கோபம் வரவில்லை. "உண்மையான கருந்துளையில இருந்துகூட ஏதோ கசிஞ்சு வெளிய வருமெண்டு அந்தக் கணக்குச் சொல்லுது. அவ்வளவு மெல்லிசு, ஆராலையும் பாக்கேலாது. இதில செய்தால் அது ஒரு சின்ன இரைச்சலா வரவேணும். இன்னும் ஒருத்தரும் கேக்கேல்ல. நான் கேக்கவேணும், சின்னம்மா."

அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் அப்படி ஆசைப்பட்டதை நான் கண்டதில்லை. நகைக்கு ஆசைப்படுவார்கள், மாப்பிள்ளைக்கு ஆசைப்படுவார்கள். கொழும்பில் அந்தக் குளிரை உண்டாக்குகிற கருவி கிடையாது. கணினியில் கணக்காக ஓடவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தப் பிள்ளை இங்கே இருந்தால் வீணாகிப் போவாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தானுக்குக் கருந்துளை என்ற சொல்லே ஆகாது. கலியாணம் பேசுகிற வயதில் உள்ள பெண்பிள்ளையின் பெயரோடு அப்படியொரு சொல் சேரலாமா? யாரும் கேட்டால் "தண்ணி சம்பந்தமாப் படிக்கிறாள்" என்பார். ஒழுங்கை முழுவதும் அவள் தண்ணீர்க் குழாய் வேலைக்குப் படிக்கிறாள் என்று நம்பியது. முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராசிக் ஒருநாள் அவளை மறித்து, தன் கடைப் பைப்பில் தண்ணீர் மெதுவாக வருகிறது, ஒருக்கால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். அவள் பாவம், பார்த்தும் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஏழில் ஹொலண்டிலிருந்து பதில் வந்தது. அந்தக் குளிர்த் திரவத்தில் வேலை செய்கிற ஒரு குழு அவளை எடுத்துக்கொள்ளத் தயார், படிப்புச் செலவு அவர்களுடையது. லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனங்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய வருடம் அது. கொழும்பில் இருக்கிற ஒவ்வொரு தமிழ் வீடும் ஒரு பிள்ளையையாவது வெளியே தள்ளிவிடத் துடித்துக்கொண்டிருந்தது. அத்தானுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று, ஒருத்தருக்கும் மூச்சுவிடக்கூடாது. எனக்கும் சேர்த்துத்தான். அருந்ததி என் கந்தோர் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டு மண்டபத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். காரியம் சரிவர வேண்டுமென்று சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க மகளைக் கோயிலுக்கு அனுப்பியிருந்தார். தொலைபேசி அடித்தது. அந்த வீட்டில் அதை அவர் மட்டும்தான் எடுப்பார்.

"ஓம், சிவபாதசுந்தரம்தான் கதைக்கிறன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் இறுகியது. "ஆர் உமக்குச் சொன்னது? அவள் ஒரு இடமும் போகேல்ல, தம்பி. அப்பிடி ஒரு யோசினையும் இல்லை." மறுபக்கம் ஏதோ திரும்பக் கேட்டிருக்க வேண்டும். "நிச்சயமாத்தான் சொல்லுறன். அவளுக்கு இஞ்ச கலியாணம் பேசி முடிஞ்சுது. ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லும்." வைத்துவிட்டார்.

"ஆர் அத்தான்?"

"ஆரோ யாழ்ப்பாணத்தான். வெளியில இருந்து விடுப்புக் கேக்கிறான், எங்கட வீட்டுப் புதினம் அறிய." என் முன்னால் இதற்குமேல் சொல்லக்கூடாது என்று நினைவு வந்து, மின்விசிறியைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. கிரிக்கெட்டில் பந்தை மறித்தவனின் பெருமை.

அந்த அழைப்பை எடுத்தவன் நவரத்தினம் என்றொரு பொடியன் என்று பிறகுதான் தெரியவந்தது. ஹொலண்டில் அதே ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறவன். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் பயப்படுவார்கள், தமிழில் நாலு வார்த்தை பேசினால் ஆறுதலாக இருக்கும், வருகிற திகதியையும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று பேராசிரியர்தான் அவனை எடுக்கச் சொன்னாராம். அந்த வெள்ளைக்காரருடைய நல்ல மனதுதான் எங்களுக்குக் கொள்ளி வைத்தது. அவரே இங்கிலீசில் எடுத்திருந்தால் அத்தான் எழுந்து நின்று "யெஸ் சேர்" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்திருப்பார். தமிழ்க் குரல் கேட்டதும் வழமையான பொய் வந்துவிட்டது. நவரத்தினமும் இங்கே வளர்ந்தவனாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே போய் "வாறாளாம்" என்று சொல்லியிருப்பான். அவன் ஆறு வயதில் போனவன். எங்கள் பாஷை தெரியும், எங்கள் பொய் தெரியாது. கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னான்.

மின்னஞ்சல் வந்தபோது அருந்ததி இன்ரநெற் கடையில் இருந்தாள். நீங்கள் தீர்மானத்தை மாற்றிக்கொண்டதற்கு வருந்துகிறோம், திருமண வாழ்த்துகள், அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். அவள் திரும்ப எழுதினாள், கெஞ்சி எழுதினாள். மற்றவர் ஏற்றுக்கொண்டாயிற்று, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மிகவும் அன்பாகப் பதில் வந்தது.

நான் போனபோது அவள் மண்டபத்தில் நின்றபடி தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் உயரவே இல்லை. அத்தான் கடைசிவரை கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நாவூறு. நான் அப்பவே நினைச்சனான். இது ஆருக்கோ தெரிஞ்சுபோச்சு. ஆருக்குச் சொன்னனீ?"

அவள் என்னைப் பார்த்தாள். "சின்னம்மாவுக்கு."

"பாத்தியே!" என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். குற்றவாளியைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அந்த மனிதருக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியிருக்கும்.

"கெடுத்தது உங்கட வாய், அத்தான். உங்கட சொந்த வாய்" என்று கத்தினேன். சாகும்வரை அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போனாள். அவளிலும் எனக்கு மரியாதை இல்லை. இந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்து இருந்து வாயே இல்லாமற் போனவள் என்று நினைத்தேன்.

அருந்ததி அழுது கிடக்கிற ஆள் இல்லை. கம்பஸிலேயே ஒரு தற்காலிக விரிவுரையாளர் வேலை எடுத்துக்கொண்டு, கணினியில் தன்னுடைய திரவத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் மறுபடி எழுதினாள், இந்த முறை ஒஸ்திரியாவுக்கு. விலாசம் கொட்டாஞ்சேனை, தொலைபேசி என்னுடையது. இடம் கிடைத்தது, விசாவும் கிடைத்தது. பெட்டி என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"அப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"பிளேன் எழும்பின பிறகு நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, சின்னம்மா."

சந்தோஷமாகச் சொல்வேன் என்றேன். உண்மையிலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்குக் காலையில் அவள் கம்பஸுக்குப் போவதுபோல வெளிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் அவளை உள்ளே விட்டு, மத்தியானம் பிளேன் எழும்பும்வரை நின்றுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சோதனை, இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி விட்டார்கள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பஸ்ஸில் இருந்து வசனங்களைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டேன்.

ஒழுங்கைக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ராசிக்கின் கடை வாசலில் அத்தான் நின்றார். இஸ்திரி போட்ட சேர்ட் இல்லாமல் கேற்றைத் தாண்டாத மனிதர், சாரத்தோடும் பெனியனோடும் நின்றார்.

"ராசிக், உண்மையா எனக்குத் தெரியாது. பிள்ளையைக் கண்டனீரோ? காலமை போனவள். போன் வேலை செய்யேல்ல."

ராசிக் சிரித்தான். நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணமே இல்லை. "வெளங்குது ஐயா. நாங்க ஆருக்கும் சொல்லமாட்டோம். புள்ள எங்க இரிந்தாலும் நல்லா இரிக்கட்டும்."

"இல்லை ராசிக், சத்தியமா—"

மேல்மாடி பல்கணியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தது. "நாங்கள் ஒண்டும் கேக்கேல்ல, ஐயா. போய் இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ!" இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். முழு ஒழுங்கைக்கும் விளங்கிவிட்டது. இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்று வியந்தும் இருப்பார்கள்.

அத்தான் என்னைக் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். "மலர், பிள்ளையைக் காணேல்ல. கால்வாய்ப் பக்கம் ஆள் கடத்துற வெள்ளை வான் ஒண்டு நிண்டதாம். நான் கேட்டுக் கேட்டுத் திரியிறன், ஒருத்தரும் நம்பீனமில்லை."

திருத்தி வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் கொழும்பில் காணாமற்போன பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த அர்த்தத்தோடு அவர் பின்னேரம் முழுவதும் வீதியில் அலைந்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் ஒழுங்கையில் ஆட்கள் பார்க்க, அங்கேயே வைத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நானும் இந்தச் சனத்தில் ஒருத்திதானே.

"மேல வாங்கோ அத்தான்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அக்காவை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். சாமிப்படத்துக்கு விளக்கேற்றியிருந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பயப்பிடாதை. அருந்ததி—"

"தெரியும். மத்தியானம் எழும்பீட்டுது."

"ஆர் சொன்னது?"

"என்னட்டச் சொல்லாமல் போவாளே?" தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்தாள். "எனக்குத் தெரியுமெண்டு உன்னட்டச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான். நீ வாய் காக்கமாட்டாய்."

"அப்ப அத்தான் இவ்வளவு நேரமும் றோட்டு றோட்டா—"

அவள் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். வாயில்லாதவள் என்று நான் நினைத்திருந்த என் அக்கா, முப்பது வருடம் அந்த மனிதரிடம் படித்த பாடத்தை அவருக்கே படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் அத்தான் எழுந்து நின்று சேர்ட்டைத் தேடினார். பித்தான் பூட்ட வரவில்லை. "பொலிசுக்குப் போவம் மலர். நீ சிங்களம் நல்லாக் கதைப்பாய். வா, கெதியா வா." அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அத்தான், இருங்கோ. அவள்—"

"மலர்!"

அக்கா குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"பொறு. இன்னும் போய் இறங்கேல்ல."

அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த வசனத்தை அவரைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் கொழும்பில் இல்லை. எந்த நாடு, எந்த பிளேன், எப்போதிருந்து இவளுக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. வாய் ஒருதரம் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. கேட்டால் சரிவராது என்று பயந்தார். பித்தான் பூட்டாத சேர்ட்டோடு கதிரையில் மெல்ல உட்கார்ந்து, எங்கள் இருவரோடும் சேர்ந்து அவரும் சத்தம் போடாமல் காத்திருந்தார்.